ஆறாம் கூறு

ஏப்ரல் 6, சனி

மதியம் வயலட், கோமதி டீச்சர் வீட்டு மாடிக்குப் புறப்பட்டாள். சனிக்கிழமைதோறும் அங்கே ஆறு பெண்கள் கூடிப் புத்தகம் பேசுகிறார்கள். வெளிநாட்டுப் பெண்களின் வாழ்க்கைக் கதைகள்தான், எல்லாம் தமிழில் வந்தவை. செருப்பை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து சொன்னாள்:

"அந்த ஸ்கூல்ல இருந்து திரும்பக் கேட்டிருக்காங்க. குவார்ட்டர்ஸ் ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கான்னு. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய."

நான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் இத்தனை காலம் கணக்குச் சொல்லிக் கொடுத்த என் மனைவி, ஐம்பது வயதில், எனக்குத் தெரியாமல் மாலத்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, போனிலேயே இன்டர்வியூ முடித்து, வேலையும் வாங்கிவிட்டாள். ஜூனில் போக வேண்டும், இரண்டு வருஷம். நானும் கூட வரலாமாம். விசாவில் என் பெயருக்கு நேரே, மனைவியைச் சார்ந்தவர் என்று போடுவார்களாம். புவியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். கல்லூரியில் இருந்த காலமெல்லாம் உலகப்படத்தைக் கம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டியவன். ஜப்பான் கருத்தரங்குக்குத் தேர்வான மழைப்பொழிவுக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் விமானம் ஏறியது இரண்டாவது பெயர், எபனேசர். பிறகு துறைத் தலைவர் நாற்காலியும் அவனுக்கே. நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். அவன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

இப்போது வீட்டிலும் பேச்சு இல்லை. இவள் மாலத்தீவைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து.

ஏப்ரல் 8, திங்கள்

தண்ணீர் வரும் நாள். டிரம் இரண்டையும் நிரப்பினேன். மோட்டார் வாஷர் போய்விட்டது, மாற்றினேன்.

இவள் மூளையில் இந்த எண்ணத்தை யார் போட்டார்கள் என்று யோசித்ததில் விடை அந்த மாடியில்தான் கிடைக்கிறது. ஆகவே அவர்கள் படிக்கும் புத்தகங்களை ஆராய்ந்து ஒரு குற்றப்பத்திரிகை தயார் செய்வதென்று முடிவெடுத்தேன்.

முதல் குற்றம் கண்ணெதிரே கிடந்தது. ஒரு புத்தகம் வாங்கி, முதுகை பிளேடால் கீறி, ஆறு துண்டாக்கி, ஊசி நூலால் தைத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். மீன் கடையில் சொல்வதுபோல் அதற்குக் கூறு என்று பெயர். யாரும் முழுப் புத்தகத்தைப் படிப்பதில்லை. அவரவர் கூறை அவரவர் படித்துச் சனிக்கிழமை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாக் கூறும் சொல்லி முடிந்த பிறகுதான் திரும்பக் கட்டி கோமதி டீச்சர் அலமாரியில் வைப்பது. இதற்கு அந்த அம்மாள் சொல்லும் காரணம்: "முழுசும் படிச்சுட்டா அடுத்தவ பேச்சை எவ கேப்பா?"

இன்னொரு கூத்தும் உண்டு. சொல்கிறவள் 'அவள்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்கலாம், 'நான்' பதில் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்தை விட்டுத் தாண்டாத மும்தாஜ் சப்பணமிட்டு உட்கார்ந்து, "நான் அப்போ ஜார்ஜியாவுல பேக்கரி வச்சிருந்தேன்" என்று ஆரம்பிப்பாளாம்.

வயலட் பள்ளிக்கூடம் போனதும் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஜார்ஜியாக் கூறை எடுத்தேன். ஜார்ஜியா பற்றி நான் பாடம் நடத்தியிருக்கிறேன்: கருங்கடல், திபிலிசி, மாங்கனீசு, தேயிலை. கூறில் இவை எதுவும் இல்லை. இரண்டு ஆண்கள் கத்தியை உருவிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண் தன் தலைத்துணியை அவிழ்த்து நடுவில் எறிந்தால் சண்டையை நிறுத்தியாக வேண்டும் என்று அந்த ஊரில் பழைய வழக்கமாம். பேக்கரிக்காரி தன் புருஷனுக்கும் மைத்துனனுக்கும் நடுவில் எறிகிறாள். துணி அடுப்புப் பக்கம் போய் விழ, புருஷன்

அவ்வளவுதான். அங்கே பிளேடு விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

முருங்கைக்காய்க் குழம்பில் உப்பு இல்லை. சொல்லவில்லை. எதையும் பேசாதவன் உப்பைப் பற்றி மட்டும் பேசினால் மரியாதை இருக்காது.

ஏப்ரல் 11, வியாழன்

ஜார்ஜியாவின் மீதிக் கூறுகள் அலமாரிக்குப் போய்விட்டன போல. வீடு முழுவதும் பார்த்துவிட்டேன். வயலட் கேட்டாள், "என்ன தேடுதிய?" நகவெட்டி என்று சைகை காட்டினேன். அது என் கையிலேயே இருந்தது.

அந்தத் துணி தீப்பிடித்ததா இல்லையா என்பது எனக்கு எதற்கு?

ஏப்ரல் 14, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தோம். எபனேசர் முன் வரிசையில், வழக்கம்போல்.

நேற்றுப் புதுப் புத்தகம் ஆரம்பித்திருக்கிறார்கள். மங்கோலியா. சொல்லி முடித்த முதல் இரண்டு கூறையும், தன் பங்கான மூன்றாம் கூறையும் வயலட் கொண்டு வந்திருக்கிறாள். மும்தாஜ் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போவதால் அவளுடைய ஐந்தாம் கூறும் இவள் தலையில். பொருள்களை எங்கே வைப்பது என்று ஒரு ஒழுங்கு கிடையாது இவளுக்கு. நான்கையும் என் மூக்குக்கண்ணாடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 15, திங்கள்

தண்ணீர் நாள். டிரம் நிரம்பி வழிந்து அடுப்படி வரை ஓடிவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒயுன் என்ற பெண். மேய்ப்பர் குடும்பம். உலான்பாட்டரிலிருந்து பெய்ஜிங் போகும் ரயிலில் ஒரு பெட்டிக்குப் பொறுப்பாளர் வேலை கிடைக்கிறது. பெட்டியின் கோடியில் நிலக்கரி போட்டு எரிக்கும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். அதை அணையாமல் பார்ப்பது, பயணிகளை அவரவர் ஊர் வரும் முன் எழுப்புவது, எல்லைக்கு முன்னால் கழிவறைகளைப் பூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. எல்லையில் ரயில் பாதையின் அகலம் மாறுகிறது. மங்கோலியாவில் அகலம், சீனாவில் குறுகல். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். ஆனால் ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே பெட்டிகளைப் பாரம்தூக்கியால் உயர்த்தி, அடியில் இருக்கும் சக்கரங்களை உருட்டிக் கொண்டுபோய், வேறு சக்கரங்களை மாட்டுகிறார்கள் என்பது தெரியாது. மேலே தேநீர்கூடச் சிந்தாதாம்.

மூன்றாம் கூறில் குளிர்காலம். துவைத்த துணியை வெளியே போட்டால் பலகையாக விறைத்துவிடும். அவள் புருஷன் தோர்ஜின் கால்சட்டையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து நிறுத்துகிறாள், அது தானே நிற்கிறது. அப்படியே காய்ந்தும் விடுகிறது. பனி உருகாமல் நேரே ஆவியாவதால் இது நடக்கிறது. பதங்கமாதல். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இவள் மாதத்தில் பாதி நாள் ரயிலில் இருப்பது தோர்ஜுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஒரு குளிர்காலம் முழுவதும் அவளிடம் பேசாமல் இருக்கிறான். சரியான நிலைப்பாடு. ஆனால் நூலாசிரியை அதைச் சிரிப்பாக எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 17, புதன்

ஐந்தாம் கூறையும் முடித்துவிட்டேன். ஒயுன் கூடார வீட்டில் தனியாக இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்காருகிறாள். அலமாரியில் ஒரே ஒரு கிண்ணம். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான்காம் கூறு தேவையே இல்லை.

சாயங்காலம் வயலட் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மௌனத்தை நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்த குரல் கரகரவென்று வந்தது.

"அந்தப் பொம்பளை வேலைக்குப் போனா, புருஷன் போயிட்டான். ஒத்தைக் கிண்ணத்தோட உக்காந்திருக்கா. இதைப் படிச்சுட்டா நீ மாலத்தீவு போற?"

வயலட் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அஞ்சாம் கூறு படிச்சிட்டியளா?" என்றாள். "நான் இன்னும் படிக்கலையே. அவரு போயிட்டாருன்னு அதுல இருக்கா?"

"கிண்ணம் ஒண்ணுதான் இருக்கு."

"போயிட்டாருன்னு இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்குங்கேன்லா?"

"நாலாங் கூறுல என்ன இருக்கோ. அது லில்லியக்காகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டாள்.

லில்லி, எபனேசரின் மனைவி.

ஏப்ரல் 18, வியாழன்

பால் வாங்கப் போனவன் அடுத்த தெரு வழியாகத் திரும்பினேன். அது சுற்று வழிதான்.

கதவைத் திறந்தது எபனேசர். கைலி, பனியன். முடி பாதி போய்விட்டது.

"வாரும் வே, தேவநேசன்! மழை கிழை வரப் போகுதா?"

"உம்மைப் பாக்க வரல. உம்ம வீட்டம்மாகிட்ட ஒரு விஷயம்."

லில்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான்காம் கூறு ஒரு மணி நேரத்துக்கு வேண்டும் என்றேன்.

"ஐயோ அண்ணாச்சி, சொல்லுததுக்கு முன்னாடி வெளிய கொடுத்தா கோமதி டீச்சர் என்னை வகுந்துருவாங்க. சனிக்கிழமை மேல வாங்க, கேளுங்க."

"ஆம்பளைங்க வரலாமா?"

"வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே. இதுவரைக்கும் ஒருத்தரும் வரல, அவ்வளவுதான்."

காபி வந்தது. குடிக்காமல் எழுந்தால் பயந்து ஓடுவதுபோல் ஆகிவிடும் என்று உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி அலமாரியில் உள்ளங்கை அகலத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பொம்மை மலை ஒன்று. நான் கேட்க நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"ஜப்பான்ல என்னதான் பாத்தீரு?"

எபனேசர் சிரித்தான். "ஹோட்டல் ரூமு. போய் இறங்கினதுல இருந்து காய்ச்சல் வே. கட்டுரையை வேற எவனோ வாசிச்சான். லில்லி கொடுத்துவிட்ட ரஸ்க்கைத் தின்னுட்டுப் படுத்துக் கிடந்தேன். இது ஏர்போர்ட்டுல வாங்கினது."

"மலையப் பாக்கலியா?"

"ஜன்னலத் தொறந்தா எதுத்தாப்புல இன்னொரு ஹோட்டல்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வீணாய்ப் போன ஒரு ஜப்பானை நினைத்து எரிச்சல்தான் வந்தது. நான் போயிருந்தால் காய்ச்சலோடாவது வெளியே போயிருப்பேன்.

பால் திரிந்துவிட்டது.

ஏப்ரல் 20, சனி

போனேன். மாடி ஹாலில் பாய். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பாயிலேயே உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், முழங்கால் கேட்காது. வயலட் என்னைப் பார்த்துவிட்டு மூன்றாம் கூறைச் சொல்லத் தொடங்கினாள். "அந்தக் குளிருல அவரு என்கூடப் பேசவே இல்ல" என்று அவள் சொன்னபோது மற்ற மூன்று பேரும் என் நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு லில்லி.

தோர்ஜ் போய்விடவில்லை. பட்டணத்து மெக்கானிக் வேலை பிடிக்காமல் வடக்கே தன் அண்ணன் மந்தைக்குப் போகிறான், குளிர்காலம் வந்தால் ஒயுனிடம் திரும்பி வருகிறான். அந்த ஊர்ப் பழைய வழக்கப்படி ஆணுக்கு அவனவன் கிண்ணம் உண்டு. எங்கே போனாலும் மேலங்கியின் நெஞ்சுப் பக்கத்தில் செருகிக்கொண்டுதான் போவான். வீட்டில் கிண்ணம் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"என் வீட்டுல ஒரு கிண்ணம் இருக்குன்னா, அவரு நல்லா இருக்காருன்னு அர்த்தம்" என்றார் லில்லி, ஏதோ தன் வீட்டு வழக்கம்போல.

கோமதி டீச்சர், "என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார்.

மங்கோலியாவின் பரப்பளவு, கால்நடை எண்ணிக்கை, நிலக்கரி ஏற்றுமதி எல்லாவற்றையும் நான் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கிண்ணம் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. பாடத்திட்டக் குழுவில் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

வயலட் ஐந்தாம் கூறையும் சொல்லி முடித்ததும் கிளம்பப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை.

"இங்க கேட்டவங்க சொல்லணும். ஆறாங் கூறு வேலம்மாளோடது. அவ மக பிரசவத்துக்குப் போயிட்டா. பிடிங்க."

கையில் திணித்துவிட்டார். மறுத்திருப்பேன். ஆனால் முடிவு அதில்தானே இருக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆறாம் கூறு மெலிசு. இரண்டு தடவை படித்துவிட்டேன். எல்லையில் சக்கரம் மாற்றும் இடத்தை மூன்று தடவை.

வயலட் பள்ளிக்கூடத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது சொன்னாள். "சரி" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், துணி குளிரில் காய்வதைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்றாள்.

"பதங்கமாதல்."

"மூணாங் கூறு சொல்லுததுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அங்க சொல்லியிருப்பேம்லா."

ஏப்ரல் 25, வியாழன்

வயலட் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லை நான். அவளும் சொல்லவில்லை. ஒன்றை இறக்கிவிட்டு ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 27, சனி

இதை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

நாற்காலியை ஒதுக்கிவிட்டார்கள். "சொல்லுதவங்க பாயிலதான்" என்றார் டீச்சர். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். மும்தாஜ் காயல்பட்டினத்து அல்வாவோடு திரும்பியிருந்தாள். வயலட் நேர் எதிரே.

"ஒயுன் தன் கடைசிப் பயணத்துக்காகச் சீருடையைத் தேய்த்து..." என்று ஆரம்பித்தேன்.

"நான்!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"நான்னு சொல்லுங்க அண்ணாச்சி. இங்க ஒயுன் கிடையாது" என்றார் லில்லி.

"நான்..." என்றேன். நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். அதைத் துடைத்து எத்தனை மாதமோ. "நான் சீருடையைத் தேச்சுப் போட்டுக்கிட்டேன். இதுதான் என் கடைசி ரயில். இதோட எனக்கு ரிட்டையர்மென்ட்."

வகுப்பறையில் இவ்வளவு அமைதி எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. சொன்னேன். கொதிகலனுக்குக் கரி போட்டதைச் சொன்னேன். ஏழாம் நம்பர் படுக்கையில், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட என் ரயிலில் ஏறாத என் புருஷன் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பாலைவனம் முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லை வந்ததும் பெட்டி ஆட்களோடு மேலே எழும்புகிறது. அவர் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு கீழே பார்க்கிறார். எங்கள் சக்கரங்கள் எங்களை விட்டு உருண்டு போகின்றன, வேறு சக்கரங்கள் வருகின்றன. நான் ஊற்றிக் கொடுத்த தேநீர் சிந்தவில்லை.

"அவ்வளவுதான். அதோட புத்தகம் முடியுது" என்றேன்.

"கேள்வி உண்டு" என்றாள் வயலட். அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், எதையும் படிக்கப் போவதில்லை என்றாலும். "அவரு இத்தனை வருஷம் ஏன் உங்க ரயில்ல வரல?"

கூறில் இதற்குப் பதில் இல்லை. தெரியாது என்று சொல்வதும் பதில்தான், விதி அதற்கு இடம் கொடுக்கிறது.

"அவருக்கு உள்ள பாஸ் என் பேர்ல இருக்கும்" என்றேன். "ஒயுனின் கணவர்னு அச்சடிச்சிருப்பாங்க. அது அவருக்குப் பிடிக்கல."

லில்லி பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கினார்.

"இப்ப மட்டும் எப்படி வந்தாரு?"

"இப்பவும் பிடிக்கலதான். ஆனா அந்தச் சக்கரம் மாத்துததைப் பாக்கணும்னு இருந்துது. கேட்டுக் கேட்டே எத்தனை நாளைக்கு இருக்கது?"

"வந்து என்ன செஞ்சாரு? அவருக்கு அங்க ஒரு வேலையும் கிடையாதே."

"பாக்குத ஆளையெல்லாம் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணினாரு."

மும்தாஜ்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். கோமதி டீச்சர், "நல்ல முடிவா வச்சிருக்கா எழுதினவ" என்று அல்வாவை என் பக்கம் தள்ளினார். வயலட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் லில்லி.

ஜார்ஜியாப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். துணி தீப்பிடிக்கவில்லை. புருஷன்தான் குனிந்து எடுத்து, தட்டி, அவள் தலையில் போட்டுவிட்டு, "மாவு புளிச்சிரும், போ" என்கிறான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோயிலில் எபனேசர் பின்னால் திரும்பித் தலையாட்டினான். நானும் ஆட்டியதாக வயலட் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், திரும்பக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று ஆறாம் கூறை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான் பூண்டு உரித்தேன். மெலிசான கூறு, வெகு நேரம் படித்தாள்.

"பாஸ் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லியே."

"அச்சுல விட்டுப் போயிருக்கும்."

"ம்" என்றாள். "இப்பமெல்லாம் ஒழுங்கா அச்சடிக்காங்களா."

கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். மாலத்தீவில் ஞாயிறு வேலை நாள். வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். கதவு திறந்திருந்தது. அவள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "டூ பர்சன்ஸ், சார். யெஸ். மை ஹஸ்பண்ட் ஆல்ஸோ."

நான் போய் அட்லஸை எடுத்தேன். அந்தத் தீவு ஒரு புள்ளிகூட இல்லை, புள்ளிக்கான இடம். அட்டு என்று பெயர். தெற்குக் கோடியில், நிலநடுக்கோட்டைத் தாண்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எனக்கு ஆரஞ்சுப் பழத்தில் கோடு போட்டுக் காட்டிய பிறகு நான் அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருப்பேன். கடந்ததில்லை.

வயலட் உள்ளே வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"அதைத் தாண்டும்போது ஏரோப்ளேன்ல சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லலேன்னா நீங்க எந்திரிச்சுச் சொல்லுங்க" என்றாள். "எல்லாரும் கேப்பாங்க. அங்க எவன் எந்திரிச்சு ஓட முடியும்?"